காத்திருப்பும் வேலை நேரமே

(சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



எட்டு மணி நேர வேலை என்பது லாரி ஓட்டுநர் இனிமேல் கேட்டுப் பெற வேண்டிய உரிமை அன்று. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே அதை வழங்கிவிட்டது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூர வழித்தடங்களில் அதிகபட்சம் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தவருக்குக் குறைந்தது அரை மணி இடைவேளை. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 9 மணி நேரத் தொடர் ஓய்வு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தனது 91-ஆவது பிரிவில், போக்குவரத்து வாகனத்தை இயக்க அமர்த்தப்பட்ட எவருக்கும் இந்த வேலை நேரமே பொருந்தும் என்று கூறுகிறது.

நடைமுறை என்ன? இந்திய ஓட்டுநர்கள் 14 மணி முதல் 16 மணி நேரம் வரை வண்டி ஓட்டுகிறார்கள் என்று 2023-இல் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே பேசினார். சட்டம் பிறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அச்சட்டம் நடைமுறையில் இல்லை என்பதற்கு அமைச்சரே தந்த சாட்சியம் அது.

ஆய்வாளர்கள் போதாமை, கையூட்டு, பதிவேடு இல்லாமை ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். அவை பொய்யல்ல, ஆனால் வேர் அவற்றினும் ஆழத்தில் இருக்கிறது. நேரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, கூலி எதற்குத் தரப்படுகிறது என்ற இரண்டிலும்தான் அது இருக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். நவி மும்பைத் துறைமுகத்திலிருந்து தில்லி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்று கொண்டால் 35 மணி நேர ஓட்டம். 8 மணி நேர நாளில் இது ஐந்தாம் நாள் முடியும். 10 மணி நேர நாளில் நான்காம் நாள் முடியும். சரக்கு மூன்றே நாளில் வேண்டும் என்று ஒப்பந்தம் போடப்பட்டால், ஒற்றை ஓட்டுநர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தாக வேண்டும். சட்ட மீறல் சாலையில் தொடங்குவதில்லை. ஒப்பந்தம் எழுதப்படும் அறையிலேயே அது நடந்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் இன்னும் ஒன்று சேரவில்லை. அது காத்திருப்பு. லோடு ஏற்ற ஒரு பகல், இறக்க ஓர் இரவு, கிடங்கு வாசலில் வரிசை. வண்டியை விட்டு அவர் அகல முடியாது. அழைப்பு வந்ததும் நகர்த்தியாக வேண்டும். இதை வேலை என்று யாரும் எழுதுவதில்லை. ‘டிரிப்’ கணக்கில் கூலியும் படியும் பெறுபவருக்கு நின்ற நேரம் முழுவதும் நட்டம். அந்த நட்டத்தை ஈடுகட்ட அவர் இரவுத் தூக்கத்தை விற்கிறார்.

1961 சட்டத்தின் சொற்களை இங்கே கவனிக்க வேண்டும். வேலையளிப்பவரின், அல்லது தொழிலாளியின் சேவையைக் கோர உரிமையுள்ள வேறொருவரின், ஆணைக்கு உட்பட்டிருக்கும் நேரமே வேலை நேரம் என்று அது தொடங்கியது. இது விரிந்த வரையறை. ஆனால் முனையங்களில் வெறுமனே காத்திருப்பதைப் பற்றிக் கூறுகையில், 15 நிமிடத்துக்குக் குறைந்த காத்திருப்பை மட்டுமே வெளிப்படையாகச் சேர்த்தது. பத்து நிமிடம் நின்றால் வேலை; பத்து மணி நேரம் நின்றால் வேலையா என்பது வழக்காடலுக்குரிய பொருளாகிவிடுகிறது. சங்கம் முன்வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இதிலிருந்தே எழுகிறது: காத்திருப்பும் வேலை நேரமே, அதற்கும் கூலி உண்டு.

விபத்து நேரும்போது பழி எவர் மேல் விழுகிறது? 2022-இல் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அரசின் அறிக்கை, போக்குவரத்து விதி மீறல்களை மிகுவேகம், குடிபோதை, தவறான பக்கத்தில் ஓட்டுதல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைப்பேசி என்று பிரிக்கிறது. களைப்புக்கு அந்தப் பட்டியலில் தனி இடமில்லை. எண்ணப்படாத காரணத்துக்குத் தீர்வும் தேடப்படுவதில்லை. தண்டனைக்கு மட்டும் குறைவில்லை. விபத்தில் உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்று புதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு கூறிற்று. 2024 ஜனவரி தொடக்கத்தில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். அவ்வாண்டு ஜூலை 1 அன்று சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒன்றுபட்ட நிறுத்தத்தின் வலிமைக்கு அது சான்று.

சிறு லாரி உடைமையாளர் இதில் எங்கே நிற்கிறார்? ஒன்றிரண்டு வண்டிகளைத் தவணைக்கு வாங்கி, புரோக்கர் சொல்லும் வாடகைக்கு ஓட்டுபவர் அவர். பலர் தாமே ஓட்டுநரும் ஆவர். விதியைக் கடைப்பிடித்தால் அடுத்த லோடு பக்கத்து வண்டிக்குப் போய்விடும் என்ற அச்சம் அவருக்கு உண்டு. அவரை மட்டும் அபராதத்தால் துரத்துவது, நேரத்தை நிர்ணயிக்கும் பெருநிறுவனத்தைத் தப்பவிடுவதாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, சாலைப் பாதுகாப்பைக் குலைக்கும் வகையில் தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்துக் கூலி தருவதைத் தடை செய்கிறது. சரக்கு அனுப்புவோரின் கால அட்டவணையும் ஓட்டும் நேர வரம்புக்குள் அடங்க வேண்டும் என்கிறது. முதலாளித்துவ நாடுகளிலேயே இது சட்டமாக முடிந்திருக்கிறது.

இங்கோ பயணம் பின்னோக்கியது. 1961 சட்டம் ஐந்து தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனத்துக்கே பொருந்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பைப் பத்தாக உயர்த்திவிட்டது. சிறு நிறுவனங்களே மிகுந்த ஒரு தொழிலில், இது பெரும்பகுதி ஓட்டுநர்களைச் சட்டத்தின் வாசலுக்கு வெளியே தள்ளுவதாகும். அதே 2025-இன் ஏப்ரலில்தான், கோவை மருத்துவர் ஒருவர் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், ஓட்டுநர் வேலை நேர விதிகளை அமலாக்க வழிகாணுமாறும், அதற்காக மாநிலங்களைக் கூட்டிப் பேசுமாறும் ஒன்றிய அரசுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு கையால் அமலாக்கம் பேசி மறு கையால் வரம்பை உயர்த்தும் முரண்பாட்டைத் தொழிலாளர் முன் அம்பலப்படுத்த வேண்டும்.

தோழர்களின் உடனடிக் கடமைகள் நான்கு. முதலாவது, 91-ஆவது பிரிவின் ‘எவருக்கும்’ என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, ஒற்றை லாரியின் ஓட்டுநருக்கும் அதே வரம்பைக் கோருவது. இரண்டாவது, ஒவ்வோர் ஓட்டுநரும் புறப்பட்ட நேரம், நின்ற நேரம், தூங்கிய நேரம் ஆகியவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதப் பழக்குவது. பதிவு இல்லாத உழைப்பை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். மூன்றாவது, காத்திருப்புக்குக் கூலி, சரக்கு அனுப்புவோருக்குப் பொறுப்பு, நெடுஞ்சாலைகளில் பாதுகாப்பான ஓய்விடம் ஆகிய கோரிக்கைகளில் சிறு உடைமையாளர்களையும் உடன் நிறுத்துவது. நான்காவது, இரண்டு ஓட்டுநர் தேவைப்படும் தூரத்துக்கு இருவரின் கூலியையும் வாடகையிலேயே சேர்க்கப் போராடுவது.

எட்டு மணி நேரத்துக்காக உயிர் ஈந்தோரின் நினைவை ஒவ்வொரு மே முதல் நாளும் இயக்கம் போற்றுகிறது. அந்நாளிலும் கிடங்கு வாசலில், ஓடாத லாரியின் இருக்கையில் ஒருவர் அரைத் தூக்கத்தில் அழைப்புக்காகக் காத்திருப்பார். அவரது கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளும் நாளில்தான் அந்த எட்டு மணி நேரம் அவருக்கும் உரியதாகும்.