கூத்துக்கும் மானியம் உண்டு. கணக்கு நோட்டு இருக்கிறதா?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நாற்று, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள், இன்றைக்குக் கூத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும், நவரை அறுவடைப் பேச்சு முடிந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "சார், சொட்டுநீருக்கு மானியம் வாங்கிக் கொடுத்தீங்க. நம்ம ஊரு கூத்து ஜமாவுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாதா?"

உண்டுங்க. ஆனால் அதைக் கேட்டு வாங்குகிற முறை நம்மில் பலருக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தவர்களிலும் சிலருக்குப் பாதி வழியில் விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது. அது ஏன் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சங்கடத்தைத் தீர்த்து விடுகிறேன். "கலைக்காக அரசாங்கத்திடம் கை நீட்டுவதா" என்று சில வாத்தியார்கள் தயங்குகிறார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இரண்டாம் ராஜேந்திர சோழன் காலம். 11-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அங்கே 'ராஜராஜேஸ்வர நாடகம்' என்ற நாடகத்தை ஆடுவதற்காக ஒரு சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்க வேண்டும் என்று அரசன் ஆணையிட்டிருக்கிறான். என்ன ஆட வேண்டும், யார் ஆட வேண்டும், எவ்வளவு நெல் என்று எல்லாவற்றையும் கல்லிலே வெட்டி வைத்தார்கள். ஆக, கூத்துக்கு மானியம் என்பது புதுப் பழக்கம் அல்ல. அன்றைக்கு நெல்லாக அளந்ததை இன்றைக்கு வங்கிக் கணக்கிலே போடுகிறார்கள்.

இப்போது என்னென்ன உதவி இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு வகையாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

முதல் வகை, தனி ஆளுக்குக் கிடைப்பது. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் ஏற்பட்டது. அதில் உறுப்பினராகப் பதிந்து கொண்டால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், ஈமச் சடங்கு போன்றவற்றுக்கு உதவி உண்டு. சென்னையில் உள்ள தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், நலிந்த நிலையில் உள்ள வயதான கலைஞர்களுக்கு மாதாந்திர உதவி தருகிறது. இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்கத் தலா ரூ.10,000 என்ற கணக்கிலும் கொடுத்து வருகிறது. மாவட்டக் கலை மன்றம் வயது வாரியாகக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஐந்து விருதுகள் வழங்குகிறது. இவற்றை எல்லாம் விசாரிக்க நீங்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் ஒன்று நம்ம காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது வகை, குழுவுக்குக் கிடைப்பது. மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம், கலை விழா, பயிற்சி முகாம், புது நாடகத் தயாரிப்பு இவற்றுக்கு நிதி தருகிறது. பொதுவாக ஒரு பணிக்கு ரூ.5 லட்சம் வரைதான் உச்சம். குருவுக்கும் சீடர்களுக்கும் மாதா மாதம் உதவித்தொகை தருகிற திட்டமும் அங்கே உண்டு. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்திலும் குரு-சீடர் பயிற்சித் திட்டம் இருக்கிறது.

தனி ஆள் உதவி அவரவர் குடும்பத்துக்குப் போகும். குழு உதவிதான் அடுத்த தலைமுறைக்கு வித்தை போய்ச் சேர வழி செய்வது. நம்ம பையன்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் முகவீணை வாசிக்கிறவருக்குப் பின்னால் யார் என்று கேட்டால் பல ஜமாக்களில் பதில் இல்லை. விதை நெல் தீர்ந்துபோன குதிர் மாதிரிதான் அது. வாத்தியார் திடமாக இருக்கும்போதே பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

சரி, இந்தக் குழு உதவிக்கு விண்ணப்பம் போட்டால் முதலில் என்ன கேட்பார்கள்? நம் ஆட்டம் எவ்வளவு அழகு என்று கேட்க மாட்டார்கள். மூன்று கேள்வி கேட்பார்கள். உங்கள் குழு பதிவு செய்த சங்கமா? மூன்று வருஷமாவது நடந்து வந்திருக்கிறதா? அந்த மூன்று வருஷத்துக்கும் தணிக்கை செய்த கணக்கு எங்கே? இந்த மூன்றிலேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள்.

இதை ஏதோ டில்லிக்காரர் போட்ட சட்டம் என்று நினைக்காதீர்கள். இந்தச் சட்டத்தை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே போட்ட ஊர் எது தெரியுமா? உங்கள் உத்திரமேரூர்தான்! வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறதே, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டியது, அதைப் பாருங்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ப் பொறுப்புக்கு ஆள் எடுக்கும்போது, முன்பு வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலே போடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் மட்டுமா? அவனுடைய மாமன், மருமகன், சகோதரி புருஷன் வரைக்கும் போடக் கூடாதாம்! பொதுப் பணத்தைத் தொட்டவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நம்ம ஊர் மண்ணிலே பிறந்த நியாயம்.

ஆகையால் விண்ணப்பப் படிவத்தைத் தேடிப் போவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இந்தப் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் நீங்கள் ஆடுகிற ஒவ்வொரு இரவையும் அதில் எழுதுங்கள். தேதி, ஊர், கர்ண மோட்சமா பதினெட்டாம் போரா என்ற விவரம், தாம்பூலம் கொடுத்தவர் பெயர், பேசிய தொகை, கைக்கு வந்த தொகை, வேஷம் கட்டியவர் யார், பின்பாட்டு யார், யாருக்கு எவ்வளவு பங்கு. பங்கு வாங்கியவர் பக்கத்திலே கையெழுத்துப் போடட்டும். ஊர்க்காரர்கள் அச்சடித்த நோட்டீசில் ஒன்றை வாங்கி அந்தப் பக்கத்திலே ஒட்டி வையுங்கள். விடியற்காலையில் அரிதாரம் கலைக்கிற நேரத்தில் பத்து நிமிஷ வேலை இது. மூன்று பருவம் கழித்து அதுவே உங்களுக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் மாதிரி.

அடுத்தது சங்கப் பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். வாத்தியாரும் அவருடைய பிள்ளைகளும் மட்டும் என்று ஏழு பேர் போடாதீர்கள். மத்தளக்காரர், பெண் வேஷக்காரர், கட்டியக்காரர், ஊரிலே படித்த ஒரு பெண், கூத்து பார்க்கிற விவசாயி ஒருவர் என்று கலந்து போடுங்கள். பதிவு செய்ததோடு வேலை முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூட்டி, கணக்கை வாசித்து, பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்ட சங்கம் உழாமல் விட்ட நிலம் மாதிரி. பெயர் இருக்கும், விளைச்சல் இருக்காது. சங்கத்தின் பெயரிலேயே பான் அட்டை, இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிற வங்கிக் கணக்கு, நிதி ஆயோக் நடத்தும் தர்ப்பண் தளத்தில் பதிவு, இந்த மூன்றும் வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. திரௌபதி அம்மன் கோயில் விழாக் கமிட்டியின் பெயரில் விண்ணப்பம் போடாதீர்கள். நம்ம கூத்து அம்மன் கோயிலோடு பிறந்தது என்பது உண்மை. ஆனால் சமய நிறுவனமாக நடக்கிற அமைப்புக்கு அந்தக் கலை நிதி கிடையாது என்பது விதி. கோயில் கமிட்டி வேறு, கூத்துச் சங்கம் வேறு என்று பிரித்து வைத்துக் கொள்ளுங்கள்.

இனி விண்ணப்பம் எழுதுகிற விதம். "எங்கள் கலை அழிந்து வருகிறது, அரசு காப்பாற்ற வேண்டும்" என்று இரண்டு பக்கம் எழுதினால் பயன் இல்லை. என்ன வேலை, யார் செய்வார்கள், எத்தனை நாள், எத்தனை பேருக்கு, கடைசியில் கைக்கு என்ன வரும் என்று எழுதுங்கள். "15 பிள்ளைகளுக்கு 10 நாள் அடவும் பாட்டும் சொல்லிக் கொடுத்து, 10-ஆம் நாள் இரவு ஊர் நடுவே அவர்களைக் கொண்டே ஒரு கூத்து நடத்துவோம்." இப்படிச் சொன்னால் படிக்கிற அதிகாரிக்கும் புரியும், உங்களுக்கும் பொறுப்பு தெரியும்.

இதற்கே ஒரு செலவுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வாத்தியார்கள் இருவர், நாளுக்கு ரூ.1,000 வீதம் 10 நாளைக்கு ரூ.20,000. வாத்தியக்காரர்கள் இருவர், நாளுக்கு ரூ.700 வீதம் ரூ.14,000. இருபது பேருக்குச் சாப்பாடு, நாளுக்கு ரூ.150 வீதம் ரூ.30,000. துணி, அரிதாரம், கட்டை அணிகலன் பழுது ரூ.16,000. கடைசி இரவு விளக்கும் மைக்கும் ரூ.12,000. நோட்டீஸ், போட்டோ, சில்லறை ரூ.8,000. ஆக மொத்தம் ரூ.1,00,000.

இந்த முழுப் பணமும் வராது. செலவில் முக்கால் பங்குதான் அரசு ஏற்கும் என்று வைத்துக் கொண்டால் ரூ.75,000. மீதி ரூ.25,000 நம் பங்கு. அந்த 75,000-மும் ஒரே தடவையில் வராது. முதல் தவணை முக்கால் பங்கு, அதாவது ரூ.56,250. மிச்சம் ரூ.18,750, வேலை முடிந்து கணக்குக் கொடுத்த பிறகுதான். அப்படியானால் முகாம் முடிகிற அன்றைக்கு நம் கையிலிருந்து எவ்வளவு போயிருக்கும்? ரூ.43,750! இந்த இடத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மானியம் வருகிறது என்ற தைரியத்தில் வட்டிக்கு வாங்கிச் செலவு செய்து, இரண்டாம் தவணை வருவதற்குள் வட்டியிலே மூழ்கிய குழுக்கள் உண்டு. உங்களால் 43,750 திரட்ட முடியாது என்றால் முகாமைச் சுருக்குங்கள். பத்து நாளை ஐந்து நாளாக்குங்கள். அரிசி, காய்கறியை ஊரார் கொடுத்தால், ரொக்கச் செலவு அந்த அளவுக்குக் குறையும். எந்தத் திட்டத்தில் எவ்வளவு பங்கு, எத்தனை தவணை என்பதை அந்த வருஷத்து அறிவிப்பிலே படித்துப் பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள்.

பணம் வந்தபின் செலவுக்கெல்லாம் ரசீது வேண்டும். ரசீது இல்லாத சிறு செலவுக்கு, வாங்கினவர் கையெழுத்துப் போட்ட வவுச்சர் வேண்டும். துணிக்கு என்று வாங்கிய பணத்தை மைக்குக்குப் போடக் கூடாது. வேலை முடிந்ததும் 12-ஏ என்கிற படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதி, ஆடிட்டர் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். இதை அனுப்பாத சங்கத்துக்கு அடுத்த உதவி வராது. குடவோலைக் கல்வெட்டு சொன்ன நியாயமேதான்.

"நான் வாங்கித் தருகிறேன், இருபது சதவீதம் வெட்டு" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பி விடுங்கள். விண்ணப்பத்துக்கு லஞ்சமும் வேண்டாம், தரகும் வேண்டாம். ஊரிலே பட்டப்படிப்பு படித்த பையனோ பெண்ணோ இருப்பார்கள். அவர்களைச் சங்கச் செயலாளராக்குங்கள். இ-சேவை மையத்திலும் வழி சொல்வார்கள்.

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று மலைக்க வேண்டாம். நம்ம மாவட்டத்திலேயே ஆகியிருக்கிறது. காஞ்சிபுரம் பகுதிக் கூத்துக் கலைஞர்கள் ஒன்று கூடி 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பிள்ளைகள் பள்ளிப் படிப்பும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடி வந்த ஆட்டத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். தனித்தனி ஜமாவாக, ஒருவர் தாம்பூலத்தை இன்னொருவர் தட்டிப் பறித்துக் கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. சேர்ந்து நின்று, சங்கம் என்ற உருவம் கொடுத்ததால் நடந்தது.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். விண்ணப்பம் போட்டவருக்கெல்லாம் நிதி கிடைக்காது. கிடைத்தாலும் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். ஆகவே மானியத்தை மட்டும் நம்பி ஜமா நடத்த முடியாது. ஊர்த் தாம்பூலம்தான் ஏரித் தண்ணீர். மானியம் கோடை மழை. பெய்தால் நல்லது, பெய்யாவிட்டாலும் பயிர் நிற்க வேண்டும். ஆனால் நோட்டு எழுதின உழைப்பு வீண் போகாது. இந்த வருஷம் எந்த ஊர் எவ்வளவு பாக்கி வைத்தது, யாருக்குப் பங்கு குறைந்தது என்பது உங்களுக்கே தெரியும். பங்கில் சண்டை குறையும். சண்டை குறைந்தால் ஜமா உடையாது.

எனவே பெருமக்களே, இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் உங்கள் ஜமாவில் யார் யார், என்னென்ன வித்தை, என்ன வயது என்று எழுதுங்கள். இரண்டு, நல வாரியத்தில் பதியாதவர்கள் காஞ்சிபுரம் மண்டல மையத்துக்குப் போய்ப் படிவம் கேளுங்கள். மூன்று, சங்கத்துக்கு ஏழு பேர் யார் என்று இரவு உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்த முறை சொர்ணவாரிக்கு ஏற்ற நெல் ரகங்களைப் பற்றிப் பேசுவோம்.