பெட்டியின் பின்பக்கம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



உணவுப் பொதிகளில் ஒட்டப்படும் லேபலைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டிருந்தது. அரச தமிழில் அதற்குச் சுட்டுத்துண்டு என்று பெயர். தலைப்பைக் கேட்டவுடன் எங்கள் அம்மா, "அப்ப எனக்கு நடந்ததையே சொல்லுங்கோ" என்றார். இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார். ஆகவே அவருடைய அனுமதியோடுதான் தொடங்குகிறோம்.

அம்மாவும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவி. பின்பு முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். நாங்கள் மூன்று சகோதரிகளும் இங்கேயே படித்தோம். இருவர் கனடாவில், ஒருத்தி கொழும்பில் வைத்தியர். அப்பா போன பின்பு அம்மா வீட்டில் தனியே இருக்கிறார். பதினைந்து வருடமாகப் பிரஷர். இதயமும் கொஞ்சம் பலவீனம். மருந்து தவறாமல் எடுப்பவர், கறிக்கு உப்பைக் குறைத்தவர், ஊறுகாயை விட்டவர். பின்னேரத்தில் சமைக்கப் பஞ்சியாக இருக்கிறது என்று அவர் ஒருநாள் தொலைபேசியில் சொன்னதும், கனடாச் சகோதரிகள் பார்சலில் சூப் பக்கற்றுகள் அனுப்பினார்கள். கொழும்பில் இருந்தவளும் நல்லது என்றே சொன்னாள். கொழுப்புக் குறைவு, சீனி இல்லை, சுடுதண்ணீர் விட்டால் போதும்.

ஆறு வாரத்தில் அம்மாவுக்குக் கால் வீங்கியது. பிறகு இரவில் படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் நீர் கட்டியிருந்தது. வாட்டில் இளம் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, உப்புக் கூடச் சாப்பிடுறீங்களோ?" அம்மா சொன்ன பதில், "நான் உப்பே போடுறதில்லை தம்பி." அது பொய்யில்லை.

கொழும்பிலிருந்து வந்து வீட்டைத் திறந்து குசினிக்குள் போனபோதுதான் விஷயம் விளங்கியது. அலுமாரிக்குள் சூப் பக்கற்றுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. பின்பக்கத்தைத் திருப்பினோம். சோடியம் 600 மில்லிகிராம், நாளாந்த அளவில் 26 வீதம் என்று இருந்தது. அதற்கு மேலே, அதைவிடச் சின்ன எழுத்தில், இந்த எண்கள் பக்கற்றின் நாலில் ஒரு பங்குக்கு உரியவை என்றிருந்தது. அம்மா காலையில் அரைப் பக்கற், பின்னேரம் அரைப் பக்கற் கரைத்துக் குடித்திருக்கிறார். அதாவது நாளுக்கு முழுப் பக்கற்.

கணக்கைச் செய்து பார்ப்போம். 600ஐ நாலால் பெருக்கினால் 2400 மில்லிகிராம் சோடியம். சோடியத்தை உப்பாக்க இரண்டரையால் பெருக்க வேண்டும். 6 கிராம் உப்பு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கறி, பாண், பிஸ்கற் எதையும் சேர்க்காமல் சூப்பிலேயே அந்த எல்லை தாண்டிவிட்டது. அதுவும் நல்ல சுகதேகிக்கு வகுத்த எல்லை, இதயம் பலவீனமானவருக்கு அல்ல.

அம்மா லேபலைப் பார்க்காமல் விடவில்லை. "26 வீதம் எண்டு பாத்தனான். காலில் ஒண்டுதானே, பரவாயில்லை எண்டு நினைச்சன்" என்றார். பின்னம் படிப்பித்த ஆசிரியைக்கு எதன் பின்னம் என்பது தப்பிவிட்டது. அதை அனுப்பிய எங்கள் மூவருக்கும் தப்பியது. எங்களில் ஒருத்தி தன் நோயாளிகளிடம் தினமும் உப்பைக் குறையுங்கள் என்று சொல்பவள். அம்மா பத்து நாளில் வீடு திரும்பினார். எங்களுக்கு அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே பெட்டியைத் திருப்பியதும் முதலில் பார்க்கவேண்டியது கலோரியையோ கொழுப்பையோ அல்ல. இந்த எண்கள் எந்த அளவுக்கு உரியவை? 100 கிராமுக்கா, ஒரு தடவைக்கான அளவுக்கா, முழுப் பொதிக்கா? ஒரு தடவைக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளர் எழுதுவது உங்கள் கோப்பையை அளந்து பார்த்தல்ல. இரண்டு பொருட்களை ஒப்பிடும்போது 100 கிராம் நிரலைப் பாருங்கள். நாம் உண்மையில் சாப்பிடப்போவது எவ்வளவு என்று அறிய, நமது அளவால் பெருக்குங்கள்.

எங்கள் நாட்டில் இதை இலகுவாக்க நிறக்குறி வந்தது. 2016இல் இனிப்புப் பானங்களுக்கும், 2019இல் திண்ம உணவுகளுக்கும். பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. திண்ம உணவில் 100 கிராமுக்குச் சீனி 22 கிராம், உப்பு 1.25 கிராம், கொழுப்பு 17.5 கிராம் என்ற அளவுகளைத் தாண்டினால் சிவப்பு. நல்ல ஏற்பாடு. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் சிவப்புத் தெரியும். ஆனால் இதிலும் அதே பொறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் பத்தரைக் கிராம் சீனியுள்ள சோடா செம்மஞ்சள்தான். பிள்ளை குடிப்பதோ 400 மில்லிலீற்றர் போத்தல். 42 கிராம் சீனி, ஏறக்குறையப் பத்துத் தேக்கரண்டி. நாளுக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேத்தண்ணிக்குப் பத்துக் கரண்டி சீனி போட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் தாய் ஒருத்தியையும் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த "நாளாந்த அளவு" எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், மக்களுக்கும் படையினருக்கும் எவ்வளவு சத்துத் தேவை என்று அமெரிக்காவில் ஒரு குழு வரையறுத்தது. அதில் முக்கிய பங்கெடுத்தவர்கள் லிடியா ரொபர்ட்ஸ், ஹேசல் ஸ்டீபெலிங், ஹெலன் மிச்செல் என்ற மூன்று பெண்கள். ரொபர்ட்ஸ் அந்தக் காலத்தில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மனைப்பொருளியல் துறைக்குத் தலைவி. எங்கள் வகுப்பில் மனைப்பொருளியல் எடுத்தவர்களைக் கணக்கு ஓடாதவர்கள் என்று கேலி செய்தோம். அந்தத் தோழிகள் சிலர் இங்கே இருக்கிறார்கள், மன்னிக்கவேண்டும்.

அவர்கள் தொடக்கிய முறையில் விற்றமினுக்கும் கனியுப்புக்கும் சராசரித் தேவை எழுதப்படுவதில்லை. சராசரியை எழுதினால் பாதிப் பேருக்குப் போதாது. ஆகவே சுகமாக இருப்போரில் நூற்றுக்கு 97, 98 பேருக்குப் போதுமானபடி உயர்த்தி வைக்கிறார்கள். ஒருநாள் அந்த எண்ணை எட்டாவிட்டால் நோய் வராது. கலோரிக்கு மட்டும் இப்படி உயர்த்துவதில்லை, ஏனென்றால் மிஞ்சுவது உடம்பில் கொழுப்பாகச் சேரும். உப்புக்கும் சீனிக்கும் எழுதியிருப்பது எட்டவேண்டிய இலக்கு அல்ல, தாண்டக்கூடாத வேலி. இரண்டுக்கும் லேபலில் ஒரே வீதக்குறியைப் போட்டுவிடுகிறார்கள். இரும்புச்சத்து 26 வீதம் என்றால் சந்தோஷம். சோடியம் 26 வீதம் என்றால் யோசிக்கவேண்டும். கனடாவில் மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, 5 வீதமும் அதற்குக் கீழும் குறைவு, 15 வீதமும் அதற்கு மேலும் கூட. எங்கள் சூப் முதல் கோப்பையிலேயே தோற்றுவிட்டது.

இரும்புச்சத்து என்றதும் மாணவிகளுக்கு ஒரு சொல். வட அமெரிக்க நியமத்தில் வளர்ந்த ஆணுக்கு நாளுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய் வரும் பெண்ணுக்கு 18, கர்ப்பிணிக்கு 27. ஆனால் எத்தனை வீட்டில் மீன்தலையும் ஈரலும் முதலில் பெண்பிள்ளையின் கோப்பைக்குப் போகிறது? பெட்டியில் எழுதிய இரும்பு முழுவதும் உடம்புக்குள் போவதுமில்லை. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உறிஞ்சப்படுவது நன்றாகக் குறையும். தேசிக்காய்ப் புளியோ கொய்யாவோ கூடச் சேர்த்தால் கூடும். எந்த லேபலும் இதைச் சொல்லாது. கிளினிக்குக்குக் களைப்பென்று வரும் பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் கேட்பது, "சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில தேத்தண்ணி குடிக்கிறனீங்கள்?" என்றுதான். ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள்.

இனி, பார்சல் அனுப்பும் தங்கைமாருக்கும் பெறும் அம்மாமாருக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிக்கும், பிரஷருக்குச் சில வகைக் குளிசை எடுப்பவருக்கும் அது ஆபத்து. வைத்தியரிடம் கேட்காமல் தொடவேண்டாம். எங்கள் அடுத்த பார்சலிலேயே அது வந்திறங்கியது, நல்ல எண்ணத்தோடுதான். திறக்காமல் தூக்கி வைத்தோம். விற்றமின் குளிசைகளும் அப்படியே. விற்றமின் ஏயின் சில வகைகள் அளவு மீறினால் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். உப்பைக் குறைக்கச் சொன்னோம் என்பதற்காக அயடீன் சேர்க்காத உப்புக்கும் மாறவேண்டாம். போடும் கொஞ்ச உப்பு அயடீன் சேர்ந்ததாக இருக்கட்டும்.

"சீனி சேர்க்கப்படவில்லை" என்ற பிஸ்கற்றைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். மா இருக்கிறதே. மாவும் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறும். சீனி வருத்தக்காரருக்கு அது எண்ணி உண்ணவேண்டிய பொருள்தான். முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். நிறை கூடியதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும்.

லேபல் இல்லாத உணவுக்கு என்ன செய்வது என்று அம்மாவே கேட்டார். பேக்கரிப் பாண், ரோல்ஸ், பருத்தித்துறை வடை, கருவாடு இவற்றுக்குப் பின்பக்கம் கிடையாது. கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றினால் உப்புக் கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது. பாணின் உப்பு நாக்குக்குத் தெரியாது. சம்பலுக்கு உப்புப் போடும்போது பாணிலும் உப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போடுங்கள். இதைவிடச் சரியான கணக்கு எங்களிடமும் இல்லை.

மண்டபத்துக்கு வெளியே நீள மேசையில் வெறும் பெட்டிகளும் பக்கற்றுகளும் வைத்திருக்கிறோம். எல்லாம் எங்கள் சொந்தக் குசினிகளில் சேர்த்தவை. அந்தச் சூப் பக்கற்றும் இருக்கிறது. எழுத்துச் சின்னன் என்பதால் அம்மா தன் பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்திருக்கிறார். ஆளுக்கொன்றை எடுத்து, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு உப்பும் சீனியும் எவ்வளவு என்று கணக்குப் போட்டு அவரிடம் காட்டுங்கள். பிழையென்றால் திரும்பச் செய்ய விடுவார், பழைய மாணவிகளுக்கு அது தெரியும். இடைவேளைத் தேத்தண்ணிக்குச் சீனி வேறாக வைக்கும்படி சொல்லியிருக்கிறோம்.