ஒத்திசைவும் காப்பும்

ஒரு பொருளின் பெயர் இனிமையாக அமைந்துவிட்டால், அதன் இயல்பை ஆராயாமலே அதனை நம்பிவிடுவது மக்கள் வழக்கம். 'மேகம்' என்னும் பெயர் அத்தகையது. 'என் வேலையெல்லாம் மேகத்தில் இருக்கிறது' என்று ஒரு மாணவர் சொல்லும்போது, எந்தத் தீங்கும் எட்டாத உயரத்தில் அது இருப்பதாகவே அவர் எண்ணுகிறார். உண்மையில் மேகம் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும் பிறருடைய கணிப்பொறிகளே. அவற்றோடு நம் கணிப்பொறியிலுள்ள ஒரு கோப்புறையைப் பிணைத்து வைக்கிறோம்; அதுவே மேகக் கோப்புறை. நிரல் எழுதுதல், கருவி அமைத்தல், ஆய்வுத் தரவு திரட்டுதல் போன்ற தொழில்நுட்ப வேலைகளுக்கு இக்கோப்புறை எந்த அளவு துணை செய்யும், எந்த இடத்தில் கைவிடும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அது வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். 2007-ஆம் ஆண்டில் டிரூ ஹூஸ்டன், அராஷ் பெர்டோசி என்னும் இருவர் அமெரிக்காவில் டிராப்பாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். கூகுள் டிரைவ் 2012-இல் வந்தது. மைக்ரோசாப்டின் சேவை 2014 முதல் ஒன்டிரைவ் என்னும் பெயர் பெற்றது. இவை யாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே. கணிப்பொறியில் ஒரு சிறு நிரல் அமர்ந்து, குறிப்பிட்ட கோப்புறையை இமைகொட்டாமல் கவனித்துக்கொண்டிருக்கும். ஒரு கோப்பு மாறியதும் அம்மாற்றத்தை மேகத்திற்கு அனுப்பும். டிராப்பாக்ஸ் ஒரு கோப்பை 4 மெகாபைட் வரையிலான துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிற்கும் கைரேகை போன்ற ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. எண் மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. பிணைக்கப்பட்ட மற்றக் கணிப்பொறிகள் அவற்றைப் பெற்றுத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. இதற்கு ஒத்திசைவு என்று பெயர்.

இதனால் விளையும் நன்மையை நான் மறுக்கவில்லை. கட்டுரை எழுதும் மாணவி கல்லூரியில் பாதி எழுதி, வீட்டிற்கு வந்து மீதியை எழுதலாம். கணிப்பொறி பழுதானாலும் கட்டுரை தப்பும். ஒருவர், ஒரு நேரத்தில், ஒரு கோப்பில் வேலை செய்து, அதனை மூடிவிட்டு எழுந்து செல்லும் வரையில் இம்முறைக்கு ஈடில்லை.

ஆனால் தொழில்நுட்ப வேலை அத்தகையது அன்று. அதில் ஒரு கோப்பு தனித்து நிற்பதில்லை. பல கோப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. ஒத்திசைவு நிரலோ கோப்புகளைத் தனித்தனியே அறியுமேயன்றி, அவற்றிடையே உள்ள உறவை அறியாது. இடர்கள் பலவற்றிற்கு இவ்வேறுபாடே வேர்.

இருவர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திருத்தினால் நிகழ்வதைக் காண்போம். எவர் திருத்தம் சரியானது என்று ஒத்திசைவு நிரல் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆகவே டிராப்பாக்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றிற்கு 'முரண்பட்ட படி' என்று பெயரிட்டு ஒதுக்கிவிடும். நேர்மையான செயல்தான். எனினும் இரண்டையும் ஒப்பிட்டு இணைக்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது. ஒதுக்கப்பட்ட படியை ஒருவரும் கவனிக்காவிட்டால், ஒருவருடைய உழைப்பு கோப்புறையின் மூலையில் கிடந்து மறக்கப்படும்.

முரண்பட்ட படி தோன்றினாலாவது எச்சரிக்கை கிடைக்கிறது. எச்சரிக்கையே இன்றி வரும் தவறு அதனினும் கொடிது. என் இல்லத்திற்கு வந்துபோகும் பொறியியல் மாணவர் நால்வர், மண்ணின் ஈரத்தை அளந்து நீர் இறைக்கும் மோட்டாரைத் தானே இயக்கும் கருவி ஒன்றைச் செய்தனர். ஒரு நிரற்கோப்பு ஈரத்தை அளந்து, 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகத் தரும். மற்றொரு கோப்பு அவ்வெண்ணைப் பெற்று மோட்டாரை இயக்கும். எண் சிறியதாயின் மண் வறண்டது என்பது அவர்கள் வகுத்த விதி. ஒருநாள் அவர்களுள் ஒருவர் முதற்கோப்பை மட்டும் திருத்தி, அளவை விழுக்காடாக, அதாவது 0 முதல் 100 வரை, வரும்படி செய்தார். இரண்டாம் கோப்பைப் பிற்பகலில் திருத்தலாம் என்று உணவுக்கு எழுந்து சென்றார். கோப்பைச் சேமித்த சில நொடிகளில் அது மற்ற மூவருடைய கணிப்பொறிகளையும் அடைந்துவிட்டது. வேறிடத்தில் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்த மாணவரின் தொட்டியில் மண் நனைந்து 90 விழுக்காடு ஈரம் காட்டியது. பழைய இரண்டாம் கோப்போ 90 என்பதை 1023-இல் 90 என்று கொண்டு, மண் வறண்டது என முடிவு செய்து, மோட்டாரை ஓடவிட்டது. தொட்டி வழிந்தது. இங்கு எந்தக் கோப்பும் சிதையவில்லை. ஒத்திசைவு தன் கடமையைக் குறைவறச் செய்தது. அரைகுறையாக நின்ற வேலையை, அரைகுறை என்று அறியாமல், உடனே கொண்டு சேர்த்ததுதான் தீங்கு.

தரவுத்தளங்களில் இவ்விடர் இன்னும் கூர்மையாகும். எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள மென்பொருளை ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் கைப்பேசிகளிலெல்லாம் இன்று அது இருக்கிறது. அது தகவல்களை ஒரு முதன்மைக் கோப்பில் வைக்கிறது. மாற்றம் செய்யும்போது அதன் அருகில் ஒரு துணைக் கோப்பையும் எழுதுகிறது. கடைக்காரர் வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவது போன்றது இது. குறிப்பேட்டைக் காலையிலும் பேரேட்டை மாலையிலும் படியெடுத்து, இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒருவரிடம் கொடுத்தால், அந்தக் கணக்கு நேராகுமா? எழுதிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை ஒத்திசைவு நிரல் கோப்புக் கோப்பாக அள்ளிச் செல்லும்போது இதுவே நேரலாம். சென்று சேர்ந்த படி திறக்கவே மறுக்கலாம். திறந்து பொய்க்கணக்குக் காட்டினால் அது இன்னும் கேடு.

எண்ணிக்கையாலும் பெயராலும் வரும் தடைகளைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். இக்கால நிரற்பணி ஒன்றில், பிறர் எழுதிய துணை நூலகங்களையும் சேர்த்தால், பல்லாயிரம் சிறு கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டியிருப்பதால் ஒத்திசைவு மூச்சு வாங்குகிறது. ஒன்டிரைவில் ஒத்திசைக்கும் கோப்புகள் 3,00,000-க்கு மேற்படாதிருத்தல் நலம் என்று மைக்ரோசாப்டே அறிவுறுத்துகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு பெயர்களைக் குறிக்கும். விண்டோஸில் பொதுவாக இரண்டும் ஒன்றே. ஒன்றில் செல்லும் பெயர் மற்றதில் செல்லாது. இடத்தை மிச்சப்படுத்த, கோப்பின் பெயரை மட்டும் கணிப்பொறியில் காட்டி உள்ளடக்கத்தை மேகத்திலேயே வைக்கும் முறையும் உண்டு. இணைய வசதியில்லாத ஊரில் ஆய்வு செய்யப் போகிறவருக்குப் பெயர் மட்டும் இருந்து பயன் என்ன?

இனி, இவற்றினும் பெரிய இடருக்கு வருகிறேன். ஒத்திசைவு என்பது காப்பு அன்று. நீங்கள் ஒரு கோப்பை எழுதினால் எழுதியது எங்கும் செல்லும். அழித்தால் அழித்ததும் எங்கும் செல்லும். நல்லதைக் கொண்டு செல்லும் அதே வேகத்தில் கெட்டதையும் கொண்டு செல்லும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாகிரை போன்ற தீநிரல்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை. கோப்பு பூட்டப்படுவதும் ஒத்திசைவின் கண்ணுக்கு ஒரு மாற்றம்தான். பூட்டிய கோப்பையே அது மற்றக் கணிப்பொறிகளுக்கும் அனுப்பி வைக்கும்.

மேகக் கோப்புறைகள் தோன்றுவதற்கு முன்னரே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். 1998-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் உயிரோட்டப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் தவறாக இடப்பட்ட ஒரு கட்டளை, படத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியது. கண்டறிந்து நிறுத்துவதற்குள் பெரும்பகுதி அழிந்துவிட்டது. காப்புப் படிகளை எடுத்துப் பார்த்தபோதுதான், அவை சரியாகப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. அப்போது கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்து வேலை செய்யத் தம் வீட்டுக் கணிப்பொறியில் படத்தின் படி ஒன்றை வைத்திருப்பதை நினைவுகூர்ந்தார். அக்கணிப்பொறியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். இழந்த உழைப்பு பெரும்பாலும் மீண்டது.

இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். அந்த வீட்டுப் படி சற்றுப் பழையது. பழையதாக இருந்தமையால்தான் அது பயன்பட்டது. அது நொடிதோறும் அலுவலகத்தோடு ஒத்திசைந்துகொண்டிருந்தால், அலுவலகத்தில் அழிந்தவையெல்லாம் அதே நாளில் வீட்டிலும் அழிந்திருக்கும். காப்புப் படியின் சிறப்பு, மூலத்தோடு சேர்ந்து மாறாமல் விலகி நிற்பதில் இருக்கிறது. ஒத்திசைவின் சிறப்போ விலகாமல் உடன் மாறுவதில் இருக்கிறது. ஒன்றற்கொன்று எதிரான இவ்விரண்டு பணிகளையும் ஒரே கோப்புறையிடம் எதிர்பார்ப்பது முறையாகாது.

'அழித்த கோப்பை மீட்கும் வசதி மேகத்திலேயே இருக்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம். இருப்பது உண்மை. கூகுள் டிரைவின் குப்பைக் கூடையில் அழித்த கோப்பு 30 நாள் வரை இருக்கும். பணம் செலுத்துவோருக்குக் கோப்புறை முழுவதையும் முன்னொரு நாளின் நிலைக்குத் திருப்பித் தரும் சேவைகளும் உண்டு. ஆயினும் அவற்றிற்குக் கால எல்லை இருக்கிறது. பருவத் தேர்வுக்காகப் புத்தகம் எடுத்தவர், இரண்டு மாதம் கழித்துக் கோப்புறையைத் திறந்து இழப்பைக் கண்டால், எல்லை கடந்திருக்கும்.

ஆகவே செய்ய வேண்டுவது யாது? வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதே. குறிப்புகள், படங்கள், அறிக்கைகள் ஆகியவற்றை மேகக் கோப்புறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அது மிகவும் ஏற்றது.

நிரலுக்கு வரலாறு வேண்டும். அதற்கெனவே கிட் என்னும் கருவி இருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை 2005-ஆம் ஆண்டில் ஆக்கினார். அதில் கோப்பு மாறியவுடன் எதுவும் தானே பிறருக்குச் செல்வதில்லை. 'இந்தக் கோப்புகள் இந்த நிலையில் ஒன்றோடொன்று பொருந்துகின்றன' என்று எழுதியவர் அறிந்து முத்திரையிட்டு அனுப்பினால்தான் செல்லும். நான் சொன்ன நால்வரும் இம்முறையைக் கையாண்டிருந்தால், இரு கோப்புகளும் சேர்ந்தே சென்றிருக்கும். இருவர் திருத்தங்கள் மோதினால், எந்த வரியில் மோதுகின்றன என்பதையும் கிட் காட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: கிட் தன் வரலாற்றை எழுதிவைக்கும் மறைவான கோப்புறையும் பல கோப்புகளின் தொகுதியே. அதனை மேகக் கோப்புறைக்குள் வைத்து இரண்டு கணிப்பொறிகளில் ஒத்திசைத்தால், தரவுத்தளத்திற்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். அதனை வெளியே வைத்து, கிட்டின் வழியாகவே தொலைவிலுள்ள சேமிப்பகத்திற்கு அனுப்புங்கள்.

மூன்றாவதாகக் காப்பு. வாரம் ஒருமுறை ஒரு புறவட்டில் படியெடுத்து, வட்டைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். தரவுத்தளமாயின் அதனை இயக்கும் நிரலை நிறுத்திய பின்னரோ, அதற்கென உள்ள படியெடுக்கும் கட்டளையைக் கொண்டோ படியெடுங்கள். பிக்சாரின் பாடத்தை மறவாமல், அப்படியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத காப்பு, திருத்தாத விடைத்தாள் போன்றது. அதில் எத்தனை மதிப்பெண் என்பதை எவரும் சொல்ல இயலாது.

நண்பர்களே, இன்று இரவே உங்கள் கோப்புறையைத் திறந்து பாருங்கள். 'இதை நான் இப்போது அழித்தால் எங்கெங்கே அழியும்? எங்கே எஞ்சும்?' என்று கேளுங்கள். எஞ்சும் இடம் ஒன்றையாவது உங்களால் சுட்டிக்காட்ட முடியவில்லையென்றால், நாளையே ஒன்றை ஏற்படுத்துங்கள். ஓராண்டு உழைப்புக்கு ஒரு மணி நேரக் காவல் அதிகமன்று.