கையடக்கப் பேழையும் கடவுச்சொல்லும்



தொழிலின் பொருட்டும் அலுவலின் பொருட்டும் தாயகம் விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நாம், வீடு மாறுந்தோறும் சில தாள்களைக் கண்ணெனக் காத்து உடன்கொண்டு செல்கிறோம். ஊரிலுள்ள நிலத்தின் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு ஆகியவை முன்னாளில் இரும்புப் பெட்டியில் இருந்தன. இந்நாளிலோ அவற்றின் படிகள் விரலளவேயான பென்டிரைவில் அடங்கிவிடுகின்றன. பெட்டி சிறுத்தது, தொலையும் வாய்ப்போ பெருகியது.

2017-ஆம் ஆண்டு அக்டோபரில், இலண்டன் ஹீத்ரோ விமான நிலைய ஊழியர் ஒருவர் தவறவிட்ட பென்டிரைவை வழிப்போக்கர் ஒருவர் கண்டெடுத்தார். நூலகக் கணினி ஒன்றில் செருகிப் பார்த்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள் தடையின்றித் திறந்தன. மறு ஆண்டில் அந்நிலையத்துக்கு 1,20,000 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. பெருநிறுவனத்துக்கே இது நேருமாயின், நெரிசல் மிகுந்த இரயில்வண்டியில் பயணம் செய்யும் நமக்கு நேராது என்பது என்ன உறுதி?

இதற்கு மாற்று மறையாக்கம் என்பதாகும். கோப்பின் எழுத்துகளையெல்லாம் கணக்குமுறையால் குலைத்து, உரிய திறவுகோலின்றிப் படிக்கவொண்ணாதபடி செய்வதே அது. பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் வகுத்த ஏ.இ.எஸ். என்னும் முறையை 2001-இல் அமெரிக்க அரசு தன் தரமுறையாக ஏற்றது. அதன் 256 பிட் திறவுகோலுக்கு அமையக்கூடிய வகைகளின் தொகையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். ஒவ்வொன்றாக முயன்று திறப்பது எவர்க்கும் இயலாது.

இதனைச் செய்வது எளிதே. விண்டோஸ் கணினியின் தொழில்முறைப் பதிப்பில் பிட்லாக்கர் உடனமைந்துள்ளது. வெராகிரிப்ட் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. எண்பொத்தான்கள் தன்மேலேயே பதிந்த பென்டிரைவும் விற்கப்படுகிறது. எதனைக் கையாளினும், பேழையிலுள்ளவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும்; சில முறைகள் உள்ளிருப்பவற்றை அழித்த பின்னரே பூட்டு இடும்.

எனினும், அந்நியரைத் தடுக்கும் பூட்டு உடையவரையும் தடுக்கும். மென்பொருள் வல்லுநர் ஒருவர் 7,002 பிட்காயின்களுக்குரிய திறவுகோலை மறையாக்கப் பேழையில் வைத்து, கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். பத்து முறை தவறினால் உள்ளிருப்பது மீளா வகையில் அழியும் பேழை அது. 2021-இல் இச்செய்தி வெளியானபோது அவர் எட்டு முறை தோற்றிருந்தார். பெருஞ்செல்வம் கையில் இருந்தும் எட்டாததாயிற்று.

நாம் இதில் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். கணவர் ஓரூரில், மனைவி மக்கள் வேறூரில் என வாழ்வோர் நம்மிற் பலர். ஒருவர்க்கு ஓர் இடையூறு நேர்ந்தால், காப்பீட்டுத் தாளும் வங்கிக் குறிப்பும் யாருக்காகக் காக்கப்பட்டனவோ அவர்களுக்கே கிட்டாமற்போகலாம். ஆதலால், தொடர்பற்ற ஐந்தாறு தமிழ்ச்சொற்களைக் கோத்து நெடிய கடவுச்சொல் அமைப்போம். அதனைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நம்பத்தகுந்த உறவினரிடம் ஒப்படைப்போம். அவ்வுறை பென்டிரைவுடன் ஒரே பையில் இருத்தலாகாது. இரண்டாம் படி ஒன்று ஊரில் இருப்பதும் நன்று.

இன்னுமொன்று: நகலகத்துப் பொதுக்கணினியில் பேழையைத் திறந்தால், திறந்திருக்கும் பொழுதில் பூட்டு உதவாது. அங்கே அச்சிட வேண்டிய தாளை மட்டும் வேறொரு பென்டிரைவில் கொண்டுசெல்வதே முறை.

பூட்டுவது பாதி, திறக்க வேண்டியவர் திறப்பதற்கு வழிசெய்வது மறுபாதி. இவ்விரண்டையும் இவ்வாரமே செய்து முடிப்போமாக.