மழைக்காலத்தில் எந்தக் கரை?

ஆகஸ்டில் தாய்லாந்து போகலாமா என்றால், "ஐயோ, அது மழைக்காலமாச்சே!" என்பார்கள். பாதிதான் உண்மை.

தென் தாய்லாந்து ஒடுங்கிய நிலம். மேற்கே அந்தமான் கடல், கிழக்கே தாய்லாந்து வளைகுடா, நடுவில் மலைகள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மேற்குக் கரையிலேயே கொட்டிவிடும். புக்கெட், கிராபி எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே கோ சமுய் தீவில் அதே ஆகஸ்டில் அவ்வப்போது ஒரு மழை, பிறகு வெயில். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது தூத்துக்குடி காய்கிறதே, அதே கதைதான். நவம்பரில் தலைகீழ்: சமுயில் அடைமழை, புக்கெட்டில் வானம் வெளுக்கத் தொடங்கும்.

மழை மாதங்களில் புக்கெட்டில் அறை வாடகை மலிவு. தாராளமாகத் தங்குங்கள், கடலில் இறங்குவதுதான் வம்பு. சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் ஆழம்கூட வேண்டாம். பொங்கும் அலைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல் சாதுவாகத் தெரியும். குளிக்க அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். உண்மையில், கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் பாயும் வழி அது. சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையிலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

அந்தமான் கடலில் உள்ள சிமிலன் தீவுகளைப் பார்க்கும் ஆசை இருந்தால் அது வேறு மாதத்துக்கு. மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அந்தத் தேசியப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள்.