கிராமங்களில் முதியோர் பராமரிப்பு இல்லம்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டம் ஒன்றில், ஓய்வு பெற்ற ஊர்நல அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் வட்டாரத்தில் முதியோர் இல்லம் ஒன்று நிறுவும் யோசனை பற்றி என் அபிப்பிராயத்தைக் கூறுமாறு பணித்தீர்கள். இல்லம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் அதைத் தொடங்கும் முறையில் ஒரு தவறு நேரக்கூடும். அத்தவற்றை முன்பு ஒரு முறை செய்தவர்களுள் நானும் ஒருத்தியாகையால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில், தரும சிந்தனையுள்ள ஒருவர் சாலையோரமாக அரை ஏக்கர் நிலம் அளித்து, பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட இல்லம் ஒன்றையும் கட்டித் தந்தார். திறப்பு விழா வெகு சிறப்பாக நடைபெற்றது. வரவேற்புரை கூறியவள் நானே. மூன்றாம் மாதம், இடுப்பெலும்பு முறிந்த கைம்பெண் ஒருவரை அவருடைய மகன் வாடகை வண்டியில் அங்கே அழைத்து வந்தார். மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மருமகளுக்கும் அங்கேயே வேலை. ‘தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்களுக்கு மட்டுமே இங்கு இடம்’ என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். இரவில் தங்கிப் பணிவிடை செய்ய ஆள் கிடைக்காததால் ஏற்பட்ட விதி அது. வண்டி திரும்பிப் போயிற்று. நாற்பது நாள் கழித்து நான் அந்த வீட்டுக்குச் சென்றபோது, அந்த அம்மாளின் முதுகின் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. அடுத்த வாரம் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளில் இல்லமும் மூடப்பட்டது. பிற்பாடு அக்கட்டடத்தில் உர மூட்டைகளை அடுக்கி வைத்தார்கள்.

நடக்கக்கூடிய முதியவருக்கு நம் கிராமங்களில் இன்றும் ஏதோ ஒரு திண்ணை உண்டு. ஒரு வேளைச் சோறும் உண்டு. எவருக்கு இல்லம் மெய்யாகவே அவசியமோ, அவரையே அந்த இல்லம் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது. இதை நான் அன்றைக்கு உணரவில்லை.

2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு 10.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதாவது 3,000 பேர் வசிக்கும் பஞ்சாயத்தில் முந்நூறு பேருக்கு மேல். பிள்ளைப் பேறு குறைந்து ஆயுள் நீண்டு வருவதால் அவ்விகிதம் அதற்குப் பிறகு ஏறியே இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் இன்னமும் ஆடு மேய்க்கிறார்கள், களை பறிக்கிறார்கள். படுத்த படுக்கையாகவோ, மறதி நோயினால் தம் வீட்டு வாசலையே அறியாதவராகவோ இருப்பவர் சிலரே. ஆனால் அந்தச் சிலர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று எந்தப் பஞ்சாயத்துப் பதிவேட்டிலும் எழுதி வைத்து நான் கண்டதில்லை. தெருவிளக்குகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறோம்.

படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்பது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும் அப்படியே. தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். காற்று நிரப்பிய மெத்தை உதவுமேயன்றி, புரட்டும் வேலையை அது செய்துவிடாது. ஈரத் துணியை உடனே மாற்ற வேண்டும். கஞ்சியைப் படுத்த நிலையில் புகட்டக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால் புகட்ட வேண்டும். இல்லையேல் அது மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரலில் சீதம் பிடிக்கும். இவை யாவும் கற்றுக்கொள்ளக் கூடியவையே. ஆனால் எவரேனும் கற்றுத் தர வேண்டும்.

இப்பொழுது பத்துப் படுக்கைகள் கொண்ட இல்லத்துக்குக் கணக்குப் பாருங்கள். பகலில் இருவர், மாலையில் இருவர், இரவில் இருவர். வார ஓய்வுக்கு மாற்றாக ஒருவர். ஆக ஏழு பேர். சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் ஆள் வேறு. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பத்துப் பேரின் தொகையையும் சேர்த்தாலும் 12,000 ரூபாய்தான். அது ஓர் ஊழியரின் சம்பளத்துக்கே சரியாகிவிடும். கட்டடத்துக்கு நன்கொடை அளிப்போர் கிடைப்பார்கள், ஏனெனில் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். இரவுப் பணியாளரின் மாதச் சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லங்களை, மாவட்டத்துக்கு ஒன்றேனும் இருக்குமாறு மாநில அரசாங்கம் நிறுவலாம் என்று அது கூறுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், அறுபது ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தவரை நாற்பது மைலுக்கு அப்பால், முன்பின் அறியாதவர் நடுவே படுக்க வைத்தால், அவரை வந்து பார்ப்பார் யார்? பார்ப்பார் இல்லாத இடத்தில் பராமரிப்பும் தளரும். ஆகவே இல்லம் சிறியதாகவும், பேருந்து ஏறாமல் சென்று பார்க்கக்கூடிய தொலைவிலும் இருத்தல் வேண்டும்.

இடையில் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்குத் தானமாகவோ செட்டில்மெண்டாகவோ எழுதிக் கொடுப்பவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அதை மீறினால், வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் அப்பத்திரத்தை ரத்துச் செய்யக் கோருவதற்கு அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடமளிக்கிறது. மகனை நம்பாததுபோல் ஆகுமே என்று கூச வேண்டாம்.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தோன்றியது. அம்முயற்சி மலப்புறம் மாவட்டத்துக் கிராமங்களில் மக்கள் இயக்கமாகவே பரவிற்று. கடைக்காரர்களும் மாணவர்களும் தரும் சிறு தொகைகளே அதற்கு ஆதாரமாயின. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள் நோயாளியின் வீட்டுக்கே சென்று பணி செய்தார்கள். 2008-இல் அம்மாநில அரசாங்கம் இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. அதன் பிறகு பஞ்சாயத்துகளே செவிலியரை அமர்த்தி வீடுகளுக்கு அனுப்பலாயின. அங்கே முதலில் உண்டானவை கைகள். நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், படுக்கையில் இருப்போரை வீட்டிலேயே கவனிக்கச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருவதற்கு ஏற்பாடு உண்டு. உங்கள் ஊருக்கு அவர்கள் எந்நாளில் வருகிறார்கள் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அவர்கள் வரும்போது ஊர்ப் பெண்கள் நால்வர் உடன் சென்று, புரட்டவும் புண் கழுவவும் கற்றுக்கொள்ளட்டும். அந்த நால்வருக்குக் கூலி கொடுங்கள். பெண்கள் என்றால் இந்த வேலைக்குக் கூலி வேண்டாம் என்று நம்மவர் எண்ணுவதுண்டு. வீட்டில் மாமியாரைப் பார்க்க வேலையை விட்ட மருமகள்கள் இழந்த கூலியை யாரும் கணக்கிட்டதே இல்லை.

இப்படி ஓராண்டு நடந்தால், வீட்டில் வைத்துப் பார்க்கவே இயலாதவர் எத்தனை பேர் என்பது தெளிவாகிவிடும். ஐந்து பேரோ எட்டுப் பேரோ இருக்கலாம். பக்கத்துப் பஞ்சாயத்துகள் இரண்டு மூன்று சேர்ந்துகொண்டால் ஓர் இல்லத்துக்குப் போதும். அதற்குப் புதுக் கட்டடமும் அவசியமில்லை. பயன்படாமல் கிடக்கும் நல்ல ஓட்டு வீடு ஒன்று போதும். சக்கர நாற்காலி நுழைய மூன்றடி அகல வாசல், படிக்குப் பதிலாகச் சரிவு, கைப்பிடியும் உட்காரும் பீடமும் உள்ள கழிப்பறை, வழுக்காத தரை, இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு, தட்டாத தண்ணீர். இவற்றில் குறை வைக்காதீர்கள்.

வரும் அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுவதற்குள், வார்டுக்கு ஒருவர் வீடு வீடாகச் சென்று, படுக்கையில் இருப்பவர் பெயர், வயது, இரவில் உடனிருப்பவர் யார் என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நிலமும் கட்டடமும் பற்றிய தீர்மானத்தை, அந்த நோட்டைச் சபையில் படித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.