உடன் பணிபுரியும் மகளிரும் ஆடவர் கடமையும்

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. நம் வீட்டுப் பெண்கள் இன்று பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். அவர்களோடு ஒரே அறையில் அமர்ந்து பணியாற்றும் ஆடவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதில் நமக்கு வழிகாட்டி அண்ணல் அம்பேத்கர். 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், தொழிலாளப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1942-இல் நாகபுரியில் கூடிய மகளிர் மாநாட்டில், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் பெற்ற முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாகக் கூறினார்.

தோழர்களே! சாதியின் பெயரால் அலுவலகத்தில் அவமதிக்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது நம்மை வருத்தியது இழித்துப் பேசியவனின் சொல் மட்டுமா? அதைக் கேட்டும் கோப்பிலிருந்து தலை நிமிராதவர்களின் மௌனமும் அன்றோ! அந்த மௌனத்தின் கொடுமையை அறிந்த நாமே, ஒரு பெண் ஊழியர் இழிவுபடுத்தப்படும்போது வாய்மூடி இருத்தல் தகுமா? நம் சமூகத்துப் பெண்ணோ இருமடங்கு சுமக்கிறார். பெண் என்றும் இகழ்வர். ஒதுக்கீட்டில் வந்தவர் என்றும் இகழ்வர்.

செய்யத்தக்கவை எளியவையே. ஆண் எழுத்தரைச் 'சார்' என்றும் பெண் எழுத்தரை 'வாம்மா, போம்மா' என்றும் அழைப்பதை விடுங்கள். விருந்தினருக்குத் தேநீர் கொடுக்கும் வேலையை அவர்மீது சுமத்தாதீர்கள். அவர் கூறிய யோசனையை வேறொருவர் தமதாக்கிக்கொண்டால், முதலில் சொன்னவர் அந்த அம்மையாரே என்று எடுத்துரையுங்கள். முதல் இரு குழந்தைகளுக்கான பேறுகால விடுப்பு 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டது. அது சலுகையன்று, உரிமை. விடுப்பில் சென்றவரின் பணியைப் பகிர்ந்துகொள்ளும்போது முணுமுணுக்காதீர்கள்.

இன்னொன்று உண்டு. 1992-இல் ராஜஸ்தானில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி என்னும் அரசுத் திட்ட ஊழியர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி எழுந்த வழக்கில் 1997-இல் உச்சநீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பெண் தலைமையில் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடங்களில் பணிபுரிவோரும் வீட்டுவேலை செய்வோரும் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். நிகழ்ந்த மூன்று மாதத்திற்குள் எழுத்து மூலம் புகார் கொடுத்தல் வேண்டும்.

சட்டம் இருந்தும், கண்டவர் சாட்சி சொல்ல முன்வராவிடில் நீதி தடுமாறும். எனவே கண்டதைக் கண்டபடி கூறும் துணிவு வேண்டும். ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்னும் முடிவு அவருடையது. அவரைக் கேளாமல் நாம் முடிவெடுப்பதும் ஓர் ஆதிக்கமே.

இவையெல்லாம் வீட்டில் தொடங்க வேண்டும். வேலைக்குச் செல்லும் மனைவியே உலையும் வைக்க வேண்டும் என்று எண்ணுபவன், அலுவலகத்தில் சமத்துவம் பேசுவதில் பொருள் இல்லை.

இளைஞர்களே! நம் சங்கம் பெண்களைப் படிக்க வைத்தது. படித்துப் பெற்ற நாற்காலியில் அவர்கள் அச்சமின்றி அமரும் சூழலை அமைப்பது உங்கள் கடமை.